ஒரு ஸ்பிரிங் உடைந்துவிட்டது, இன்னொன்று? கராஜ் கதவை நீங்களே மாற்றுவது பற்றி

கேள்வி: எங்கள் வீட்டு கராஜ் கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். நான்கு வரிசைத் தகடுகளாக மடங்கி மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும் வகை. பதினைந்து வருடம் ஆகிவிட்டது. கீழ்வரிசை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. போன வாரம் நடுராத்திரியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். காலையில் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று நடுவில் துண்டாகிக் கிடக்கிறது. மோட்டாரை அமுக்கினால் கதவு ஓர் அடி ஏறி நின்றுவிடுகிறது. எப்படியும் முழுக் கதவையும் மாற்றத்தான் வேண்டும். நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று இருக்கிறோம். குளியலறைக்கு நானே டைல்ஸ் ஒட்டியவன், கருவிகளும் இருக்கின்றன. ஆள் வைத்துத்தான் செய்யணும் என்கிறார் என் மனைவி. ஸ்பிரிங்தான் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் உடைந்துவிட்டதே, இனி என்ன பயம்? இன்னொன்று, பழைய மோட்டாரைப் புதுக் கதவுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வீட்டு விவாதத்தில் நான் யார் பக்கம் என்பதை அப்புறம் சொல்கிறேன். "இனி என்ன பயம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அது சனிக்கிழமை வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை.

இரண்டில் ஒன்று உடைந்துவிட்டது. இன்னொன்று முழு முறுக்கோடு அப்படியே இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு உச்சத்தில் இருக்கும். கதவு ஏற ஏற முறுக்கு அவிழும், அந்த விசைதான் கதவைத் தூக்குகிறது. உங்கள் கதவு இப்போது மூடிக் கிடக்கிறது. செத்த பாம்புக்குப் பக்கத்தில் உயிரோடு இன்னொன்று சுருண்டு கிடக்கிற கதைதான் இது. நீங்கள் உடைந்ததைப் பார்த்துத் தைரியமாகக் கை வைத்தால், கை படப்போவது இரண்டு ஸ்பிரிங்கும் கோத்திருக்கும் அந்த ஒரே குழாயில்.

அதனால் இப்போதே செய்யவேண்டியது: மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஓர் அடி ஏறி நிற்கிறதே, இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பார்ப்போம் என்று முயலாதீர்கள். பாதிக் கனத்தைத் தனியாக இழுக்கிற வேலைக்கு அந்த மோட்டாரைச் செய்யவில்லை. உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்து போகும், அல்லது கதவைத் தூக்கும் கேபிள் ஒரு பக்கம் தளர்ந்து, அது சுற்றியிருக்கும் டிரம்மிலிருந்து நழுவிக் கதவு கோணலாகச் சிக்கிக்கொள்ளும். கோணலாகச் சிக்கிய கதவை நேராக்குவது புதுக் கதவு போடுவதைவிடத் தொல்லை பிடித்த வேலை.

கார் உள்ளே மாட்டியிருக்கிறதா? அப்படியானால் மூன்று பேர் வேண்டும். மோட்டார் பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கதவிலிருந்து விடுவித்து, அடி விளிம்பைப் பிடித்துச் சமமாகத் தூக்குங்கள். தகடுகள் சேரும் இடுக்கில் யாரும் விரலை வைக்கக் கூடாது. மடங்கும்போது அந்த இடுக்கு கத்தரிக்கோல் மாதிரி மூடும். முழுக்க ஏறியதும், அடி ரோலருக்கு (டிராக்கில் ஓடும் சின்னச் சக்கரம்) கீழே இரண்டு பக்க டிராக்கிலும் இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் கார் வெளியே வரவேண்டும். அப்புறம் அதே மூன்று பேர் கதவை இறக்கி வைத்துவிடுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று இதைத் தினமும் செய்கிற உத்தேசம் இருந்தால் வேண்டாம். காரைத் தெருவில் நிறுத்துங்கள்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். 16 அடி அகலத்தில், உள்ளே நுரை அடைத்த இரும்புத் தகட்டுக் கதவு சாதாரணமாக 70 முதல் 100 கிலோ வரை இருக்கும். மரக் கதவென்றால் அதற்கும் மேலே போகும். 80 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். குழாயின் இரு முனையிலும் 4 அங்குல விட்டத்தில் ஒரு டிரம் இருக்கிறது, கேபிள் அதில்தான் சுற்றும். ஒரு சுற்றுக்குச் சுமார் பன்னிரண்டரை அங்குலக் கேபிள் போகும். கதவு 7 அடி, அதாவது 84 அங்குலம் ஏற ஆறே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். கதவு மேலே போன பிறகும் கேபிள் தளராமல் இருக்கக் கூடுதலாக முக்கால் சுற்றோ ஒரு சுற்றோ சேர்ப்போம். ஆக ஸ்பிரிங்கை முறுக்க வேண்டியது ஏழரைச் சுற்று. ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுதான் முறுக்க முடியும் என்பதால் ஒரு ஸ்பிரிங்குக்கு 30 தடவை, இரண்டுக்கும் 60 தடவை. இரண்டு இரும்புக் கம்பிகளை ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி, ஒன்றில் பிடித்துக்கொண்டு மற்றதை எடுத்து, மறுபடி செருகி இழுக்க வேண்டும்.

இதில் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. கம்பி 18 அங்குலம், டிரம்மின் ஆரம் 2 அங்குலம். இந்த நெம்புகோல் கணக்கில் கடைசிச் சுற்றில்கூட உங்கள் கைக்குத் தெரிவது ஐந்தாறு கிலோ இழுப்புதான். "இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பில்டப்பு" என்று தோன்றும். பிடி இருக்கும்வரை அப்படித்தான் இருக்கும். பிடி நழுவினால், 40 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் என்ன அடி விழுமோ ஏறக்குறைய அது அந்தக் கம்பி வழியாக வெளியே வரும், கண் சிமிட்டுவதற்குள். கம்பி எந்தப் பக்கம் சுற்றும் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

இந்தத் தொழிலில் எனக்கு இரண்டாவது வருடம். கம்பிப் பையை வண்டியில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். போய் எடுத்துவரச் சோம்பல். கையிலிருந்த தடித்த ஸ்க்ரூ டிரைவர் துளைக்குள் போனது, அதையே வைத்து அவிழ்க்க ஆரம்பித்தேன். துளை அரை அங்குலம், ஸ்க்ரூ டிரைவர் அதைவிட ஒரு நூல் சிறிது. ஐந்தாவது கால் சுற்றில் சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கையில் ஒன்றும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் எதிர்ச் சுவர் பலகையில் பிடி வரைக்கும் இறங்கியிருந்தது. நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். நேர்க்கோட்டில் நின்றிருந்தால் இந்தப் பதிலை எழுத இருந்திருப்பேனா தெரியாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அன்று திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் என்னை ஸ்பிரிங் பக்கமே விடாமல் தகடு தூக்க மட்டும் வைத்தார். அப்புறம் முதல் பாடமாகச் சொன்னது: "கம்பி உள்ளே போனதும் டங்குன்னு அடியில முட்டற சத்தம் கேக்கணும். கேக்கலையா, இழுக்காதே." இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்காமல் நான் இழுப்பதில்லை.

வீட்டில் செய்பவர்கள் அடிபடுவது எப்போதும் முறுக்குக் கம்பியால்தான் என்று இல்லை. "ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம், கேபிளை மட்டும் கழற்றிவிடலாம்" என்று நினைத்துக் கதவின் கீழ்மூலையில் இருக்கும் பிராக்கெட்டில் ஸ்பேனரை வைப்பார்கள். கேபிளின் மறுமுனை அங்கேதான் மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங்கின் மொத்த இழுப்பும் அந்த இரண்டு மூன்று போல்ட்டில் தொங்குகிறது. அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் அந்த போல்ட்டுகளுக்குச் சிவப்பு அடித்து அனுப்புகிறார்கள். உங்கள் கதவில் பெயின்ட் உதிர்ந்து போயிருக்கலாம், போல்ட் அதேதான்.

இவ்வளவும் படித்துவிட்டு "இவன் தன் பிழைப்புக்காகப் பயமுறுத்துகிறான்" என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. எனக்கும் மற்றத் தொழில்காரர்கள் பேசும்போது அப்படித்தான் தோன்றும். அதனால் மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். கராஜ் கதவு மாற்றும் வேலையில் ஸ்பிரிங் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் டைல்ஸ் ஒட்டியவர் செய்யக்கூடிய வேலைதான். சொல்லப்போனால், ரசமட்டத்தைப் பார்த்துப் பழகிய உங்கள் கண் சில அவசரக்காரத் தொழில்காரர்களிடம் இருக்காது.

முதல் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் அதன் மேல்தான் உட்காரப் போகின்றன. கராஜ் தரை மட்டமாக இருப்பதே அபூர்வம்; தண்ணீர் வெளியே ஓடக் கொஞ்சம் வாட்டம் விட்டிருப்பார்கள், அல்லது ஒரு மூலை இறங்கியிருக்கும். புதிதாகச் செய்பவர் தகட்டைத் தரைக்கு ஒத்து வைப்பார். அது தப்பு. ரசமட்டத்துக்கு ஒத்து வைத்து, தாழ்ந்த பக்கம் மரச்சில்லை அணைகொடுக்க வேண்டும். தரைக்கும் தகட்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியைக் கதவின் அடி ரப்பர் பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு தகட்டில் கால் அங்குலம் கோணினால் மேலே போகப் போக ஒரு பக்கக் கேபிள் தளரும், கதவு ஒருபக்கமாக இழுக்கும். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு "ஸ்பிரிங் சரியில்லை" என்பார்கள். வந்து பார்த்தால் ஸ்பிரிங்மேல் ஒரு குறையும் இருக்காது.

அடுத்தது கீல். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். ஓரத்தில் ரோலர் மாட்டும் கீல்களில் கீழ்ச் சேர்க்கைக்கு 1, அதற்கு மேல் 2, அதற்கு மேல் 3. எண் கூடக் கூட ரோலர் கதவிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். டிராக்கும் அதற்கேற்ப, மேலே போகப் போக வாசல் நிலையிலிருந்து விலகும். பார்ப்பதற்குத் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாத மாதிரி தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். கதவு இறங்கி முடியும் கடைசி அங்குலத்தில் ஆப்பு இறங்குவதுபோல் நிலையோடு இறுகிக் காற்றையும் மழையையும் அடைக்கும். ஏறத் தொடங்கியதும் உடனே விலகி, உரசாமல் ஓடும். இதை யோசித்துச் செய்தவரை நினைத்து எனக்கு இன்றும் வியப்புதான். இந்த மூன்று எண்ணையும் கலந்து மாட்டிவிட்டு நாள் முழுக்க டிராக்கைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பொறியாளர்.

16 அடித் தகட்டை ஒருவர் நடுவில் பிடித்துத் தூக்கினால் மடங்கி மடிப்பு விழுந்துவிடும். இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், ஆகவே மைத்துனர் அவசியம். பழைய டிராக் நன்றாகத்தானே இருக்கிறது, அதிலேயே புதுக் கதவை ஓட்டலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். புதுத் தகட்டின் கனம், தடிமன், கீல், வளைவு எல்லாம் ஒரு தொகுதியாகக் கணக்குப் பண்ணி வருகின்றன. பழைய ஸ்பிரிங்குக்கு இது இன்னும் பொருந்தும். உங்கள் இப்போதைய கதவு வெறும் ஒற்றைத் தகடாக இருந்து, புதிதாக நுரை அடைத்தது வாங்கினால் கனம் கணிசமாகக் கூடும். பழைய ஸ்பிரிங் அதைத் தாங்காது.

அளவெடுப்பதை நீங்களே செய்யுங்கள், யார் மாட்டினாலும் சரி. வாசலின் அகலம் உயரம் மட்டும் போதாது. வாசலின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரைக்கும், அல்லது இடையில் குறுக்கே ஓடும் உத்தரமோ குழாயோ இருந்தால் அதுவரைக்கும் அளந்துகொள்ளுங்கள். சாதாரண டிராக்குக்குக் குறைந்தது 12 அங்குலம் வேண்டும், மோட்டாரும் இருந்தால் இன்னும் மூன்று அங்குலம் சேர்த்துக்கொள்ளலாம். இடம் அதைவிடக் குறைவென்றால் அதற்கென்று தனி டிராக் தொகுதி இருக்கிறது, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். பக்கத்துக்கு நாலு அங்குலம். உள்பக்கம், கதவின் உயரத்தோடு ஒன்றரை அடி; மோட்டார் தண்டவாளத்துக்கு இன்னும் கொஞ்சம். கதவு வந்து இறங்கிய பிறகு இடம் போதவில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் பலர். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி என் கட்சி. இந்தக் கதவுக்கு, இந்த நிலைமையில், உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆள் வையுங்கள்.

காரணம் ஸ்பிரிங் ஒன்று மட்டும் என்றால், "அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பேசலாம். சிலர் அப்படி வருவார்கள். பலர் வரமாட்டார்கள், நானே யோசிப்பேன். இன்னொருவர் கோத்த கதவுக்கு முறுக்கேற்றி வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு கீல் பிடுங்கிக்கொண்டால் பழி யாருக்கு? வருகிறவரும் முறுக்குவதற்கு முன் கதவு முழுவதையும் சரிபார்த்தாக வேண்டும், அதற்கே பாதி வேலை ஆகிவிடும். அப்புறம் நேரம். பழகிய இரண்டு பேர் பழைய கதவை இறக்கிப் புதியதை மாட்டி ஓட்டிப் பார்க்க அரை நாள். முதல்முறை செய்பவர்களுக்கு இரண்டு நாளுக்குக் குறையாது, நடுவில் ஓர் இரவு வாசல் திறந்தே கிடக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பழைய கதவு துண்டு துண்டாக வெளியே, புதுக் கதவு பாதி உயரத்தில், ஒரு போல்ட் குறைகிறது என்ற நிலையில் இருப்பவர்கள்தான் அவசரப்படுவார்கள். அவசரத்தில் இருப்பவர் ஸ்பிரிங்கைத் தொடுவதுதான் எனக்குப் பயம்.

புயல் அடிக்கும் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது. 1992-இல் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் பல வீடுகளில் முதலில் போனது கராஜ் கதவு. அது உள்ளே விழுந்ததும் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளியது. அகலமான கதவுக்குக் காற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வேண்டும். டிராக் நிலையில் எத்தனை இடத்தில், எந்த போல்ட்டில் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே உயிர்ப் பிரச்சினை.

இதே கேள்வியை ஒற்றைக் கார் அளவு, 8 அல்லது 9 அடிக் கதவுக்குக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட கதவுகளில் பலவற்றில் ஸ்பிரிங் வாசலுக்கு மேலே முறுக்கிக்கொண்டு இருக்காது. இரண்டு பக்கமும் மேல் டிராக்கை ஒட்டி நீளவாக்கில் இழுபட்டு நிற்கும். கதவை முழுக்கத் தூக்கினால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும். தூக்கி, இரண்டு டிராக்கிலும் கிளாம்ப் போட்டுவிட்டால் கழற்றுவதும் மாட்டுவதும் பொறுமையுள்ள இருவருக்கு எட்டும் வேலை. ஸ்பிரிங்கின் நடுவே ஒரு பாதுகாப்புக் கேபிளைக் கோத்து இரு முனையிலும் கட்டியே ஆகவேண்டும், அவ்வளவுதான். ஸ்பிரிங் அறுந்தாலும் துண்டு பறக்காது. முறுக்கு ஸ்பிரிங்கைக் குழாய்க்கு உள்ளேயே ஒளித்துவைத்து, கம்பி இல்லாமல் சாதாரண டிரில்லால் முறுக்கேற்றும் வகையும் உண்டு. வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆள் வைப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று அர்த்தமில்லை. உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. முதலில் நிலைக்கட்டைகளை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், அடியிலிருந்து இரண்டடி உயரம் வரை. கதவின் கீழ்வரிசை துருவேறும் அளவுக்கு அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்றால் கட்டையும் இற்றுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். டிராக்கின் போல்ட் பிடிப்பது அதில்தான். கதவு மாட்ட வருபவர்கள் தச்சு வேலை செய்ய மாட்டார்கள். இற்ற கட்டையில் நீளமான ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதை நீங்களும் மைத்துனரும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். புதுக் கட்டைக்குப் பெயின்ட் அடிப்பது, மேலே மோட்டாருக்கான பிளக் பாயின்ட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, கராஜுக்குள் பத்தடிக்குப் பொருள் எதுவும் இல்லாமல் ஒதுக்குவது, எல்லாம் உங்கள் பொறுப்பு. இதையெல்லாம் செய்துவைத்த வீட்டில் எங்கள் வேலை சுத்தமாக வரும்.

ஆளைப் பேசும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேளுங்கள். "எத்தனை தடவைக்கு உத்தரவாதமான ஸ்பிரிங் போடுவீர்கள்?" வழக்கமாக வருவது 10,000 தடவைக்கானது, ஒருமுறை திறந்து மூடினால் ஒரு தடவை. தினம் நாலு தடவை ஓடும் வீட்டில் 2,500 நாள், அதாவது ஏழு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னும் தடித்த கம்பியில், நீளமாகச் செய்த ஸ்பிரிங் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் உழைக்கும், விலை வித்தியாசமோ மொத்தச் செலவில் சிறியது. என்னைக் கேட்டால் கதவில் கண்ணாடி ஜன்னல் வேண்டுமா, மரக் கோடு போட்ட தகடு வேண்டுமா என்று யோசிக்கும் பணத்தை இதில் போடுங்கள். இந்தக் கேள்விக்கு "எல்லாம் நல்ல ஸ்பிரிங்தான் சார்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். புதுக் கதவின் எடையைச் சொல்லி அதற்கு இந்தக் கம்பித் தடிமன், இந்த நீளம் என்று பேசுகிறவர்தான் உங்களுக்குத் தேவை. டிராக், ரோலர், கேபிள் எல்லாம் புதிதா, பழைய கதவை அவரே எடுத்துப் போவாரா, பொருளுக்கு எத்தனை வருடம், வேலைக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள். சில தயாரிப்பாளர்கள் பயிற்சி பெற்றவர் மாட்டாவிட்டால் உத்தரவாதமே கொடுப்பதில்லை, அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்யும்போது ஓரமாக நின்று பாருங்கள். முறுக்குவதற்கு முன் ஸ்பிரிங்கின் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு இழுப்பார், அல்லது ஏற்கெனவே பெயின்ட்டில் கோடு இருக்கும். முறுக்க முறுக்க அந்த நேர்கோடு ஸ்பிரிங்கைச் சுற்றிப் படரும். ஒரு சுற்றுக்கு ஒரு வரி. ஏழரை வரி வந்தால் ஏழரைச் சுற்று. வாய்க்கணக்குத் தப்பினாலும் அந்தக் கோடு தப்பாது. ஸ்பிரிங் முறுக்கேறும்போது ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளவும் செய்யும், அதையும் கவனிக்கலாம். உங்களுக்கு ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்தால் நல்ல ஆள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்வார்.

கடைசியாக மோட்டார். கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மேலேறும் கராஜ் கதவை அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் கொண்டுவந்தது 1921-இல், மின்மோட்டார் வந்தது 1926-இல். நடுவில் ஐந்து வருடம் மனிதர்கள் கையால்தான் திறந்தார்கள். கனம் சமன்பட்டிருந்தால் கை போதும். அதனால் உங்கள் பழைய மோட்டாருக்கு வலு போதுமா என்பது பெரிய கேள்வியே இல்லை. வாசலின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேற்படாமல் சின்னக் கண்கள் மாதிரி சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டு மோட்டார்களுக்கு, இடையில் ஆள் சிக்கினால் கதவு தானாகத் திரும்பும் ஏற்பாடு சட்டப்படியே கட்டாயம். உங்கள் பதினைந்து வருட மோட்டாரில் சென்சார் இருந்து, வேலையும் செய்தால் வைத்துக்கொள்ளலாம். சென்சார் இல்லையென்றாலோ, யாராவது அதைப் பிடுங்கி இரண்டையும் மேலே ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டி வைத்திருந்தாலோ (இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்), புதியது வாங்குங்கள்.

பழையதையே வைத்துக்கொண்டால் மேல் தகட்டில் மோட்டாரின் கை மாட்டும் இடத்துக்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் வேண்டும், இல்லாவிட்டால் புதுத் தகடு சில மாதத்திலேயே அந்த இடத்தில் வளைந்து விரிசல் விடும். பழைய கதவின் உள்தாழ்ப்பாள் மாதிரி புதியதிலும் ஒன்று வந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். தாழ்ப்பாள் போட்டிருப்பதை மறந்து ரிமோட்டை அமுக்கி வளைந்த கதவுகள் எங்கள் தொழிலில் சகஜம். மோட்டாரின் இழுவிசையும் நிற்கும் இடமும் பழைய கதவுக்கு வைத்தவை, புதிதாக வைக்க வேண்டும். வைத்த பிறகு ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையை வாசல் நடுவில் தரையில் படுக்கப்போட்டு மூடிப் பாருங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். அமுக்கிக்கொண்டு நின்றால் இழுவிசையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இதெல்லாம் மோட்டாரை மாட்டிய பிறகு. அதற்கு முன்னால், வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் பையைக் கட்டும் நேரத்தில், நீங்களே போய்க் கதவைக் கையால் இடுப்பளவு தூக்கி மெதுவாக விட்டுப் பாருங்கள். கீழே சரிந்தால் முறுக்குப் போதவில்லை, தானாக மேலே போனால் அதிகம். விட்ட இடத்தில் அப்படியே நின்றால் மோட்டாரை மாட்டச் சொல்லுங்கள்.